சகலை வீட்டு ஸ்பீக்கரும் என் வீட்டு அடுப்படியும்

பொறாமைப்படுவதற்கு ஆள் பொருத்தமாக அமைய வேண்டும். கோடீஸ்வரர் ஒருவர் தன் மகனுக்கு ஒரு வாரம் கல்யாணம் நடத்தியதை டிவியில் முழுக்கப் பார்த்தேன். நெஞ்சில் ஒரு எரிச்சலும் இல்லை. அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகவே இறங்கியது. அவரும் நானும் ஒரே மாமியார் வீட்டுப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர்கள் இல்லையே. சகலையோடு உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். இருபத்து நான்கு வருடமாகக் கறிக்குழம்பின் நல்லி எலும்பு அவர் இலையில்தான் விழுகிறது, மூத்த மாப்பிள்ளை என்பதால். அகப்பை என் பக்கம் திரும்பும்போது, "சின்ன மாப்பிள்ளைக்கு உருளக்கெழங்குன்னா உசுரு" என்பார் மாமியார். நான் எந்தக் காலத்திலும் அப்படிச் சொன்னதில்லை.

சகலைக்கு ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ். கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. பாவம் செய்கிற மக்கள் உள்ளவரை அந்தத் தொழிலுக்குச் சரிவு கிடையாது. எனக்கு ராமநாதபுரத்தில் நூலக வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். மீதிப் பேர் மின்விசிறிக்காக வருகிறவர்கள். இந்த ஏற்றத்தாழ்வை நான் வெகுநாள் முன்பே சகித்துக்கொண்டுவிட்டேன். அதற்குக் காரணம், எங்கள் இருவருக்கும் இடையே எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் இருந்தது. லாட்ஜ், கார், நல்லி எலும்பு மூன்றும் அவருக்கு. சங்கீதம் எனக்கு.

உண்மையிலேயே எனக்குக் கொஞ்சம் சங்கீதம் தெரியும். பாடத் தெரியாது, கேட்கத் தெரியும். கல்யாண வீடுகளில் நாதஸ்வரக்காரர் ஆரம்பித்த பத்தாவது நொடியில் ராகத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வெற்றிலை மடிப்பேன். சகலை, "நல்லா ஊதுறான்" என்பார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த ராகம். மாமியார் வீட்டில் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

போன தை மாதம் சகலை புது வீட்டுக்குக் குடிபோனார். ஒப்பந்தம் அன்று முறிந்தது.

வாசலில் சந்தனம் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், பாட்டு கேட்கிறது. எங்கிருந்து என்று தெரியவில்லை. ஆளுயரப் பெட்டி இல்லை, வயர் இல்லை. சகலை என் தோளைப் பிடித்துக் கூடத்தின் நடுவில் நிறுத்தினார்.

"சகல, இங்கன நில்லுங்க. கேக்குதா?"

"கேக்குதுண்ணே."

கையைப் பிடித்துப் படுக்கையறைக்கு இழுத்துப் போனார். "இப்ப?"

"கேக்குதுண்ணே."

"அதே பாட்டா?"

"அதே பாட்டுதான்."

"நடுவுல எங்கிட்டாச்சும் விட்டுச்சா?"

"விடல."

பூஜையறை, மாடி, மாடிப்படி வளைவு என்று ஒவ்வொரு இடத்திலும் என்னை நிறுத்தி, சாட்சியம் வாங்கினார். ஒவ்வொரு அறையிலும் சுண்டைக்காய் வற்றல் டப்பா அளவுக்கு ஒரு வட்டமான பொருள் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. எல்லாம் வைஃபையில் ஓடுகிறதாம். ஃபோனில் ஒரு தடவை தொட்டால் ஆறு அறையிலும் ஒரே பாட்டு, ஒரே நேரம், ஓர் அட்சரம் பிசகாமல். பாடுகிற பாட்டின் ராகம் என்ன என்று அவருக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஆறு அறையில் ஓடுகிறதே.

"அடுப்படியில நிக்கலையே நீங்க" என்று அங்கேயும் அழைத்துப் போனார்.

அடுப்படி வாசலில் நின்றேன். என் மனைவி கீழே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அலமாரியின் மேலிருந்து பாட்டு வந்தது. அதற்கு அடியில், மெல்லிய சரிகைபோல், அவள் குரல். வாய் திறக்காமல் கூடவே முனகிக்கொண்டிருந்தாள். சரணத்தில் ஓர் இடத்தில் பாடகி இழுப்பதற்கு அரை நொடி முன்பே இவள் இழுத்துக் காத்திருந்தாள்.

கல்யாணமான புதிதில் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. நின்றது என்பதே அந்த வாசலில் நிற்கும்போதுதான் தெரிந்தது. இத்தனை வருடம் என் வீட்டில் கேட்காத ஒன்று, சகலை வீட்டில், குடிவந்து மூன்று மணி நேரத்தில் கேட்கிறது.

"கேக்குதா சகல?" என்றார் அவர்.

"கேக்குது" என்றேன்.

திரும்பி வரும்போது பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி கடலைப் பார்த்தபடியே, "அக்கா வீட்ல அடுப்படி வரைக்கும் பாட்டு கேக்குதுங்க" என்றாள். அவ்வளவுதான். வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் 'இப்போது முடியாது' என்று சொல்லி நிம்மதியாக இருந்திருப்பேன். கேட்காத ஒன்றை மறுக்க முடியாது. வாங்கித்தான் ஆக வேண்டும். மண்டபம் ஊர் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். எங்கள் அடுப்படியிலும் பாட்டு கேட்க வேண்டும். அவள் அங்கே முனகியதுபோல் இங்கேயும் முனக வேண்டும். அதுவும் சகலையின் செலவில் பாதிக்கும் கீழே.

நான் எதையும் படித்துப் பார்த்துச் செய்கிறவன்; அதனால்தான் எதுவும் சீக்கிரம் நடப்பதில்லை. பத்து நாள் ஸ்பீக்கர்களைப் பற்றி வலையில் படித்தேன். ஒருவர் இதைப்போல் உலகத்தில் இல்லை என்று எழுதியிருப்பார். அடுத்தவர் அதே பொருளைக் குப்பையில் போட்டதாக எழுதியிருப்பார். இலக்கிய விமர்சனம் படித்துப் பழகியவன் என்பதால் எனக்கு இது புதிதாக இல்லை. கடைசியில் விலையை மட்டும் பார்த்து, இரண்டு வெவ்வேறு கம்பெனியின் புளூடூத் ஸ்பீக்கர்களை வரவழைத்தேன். கூடத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்று. மலிவாகக் காரியத்தை முடித்த பெருமை ஒரு மணி நேரம் நீடித்தது.

ஃபோனை எப்படியெல்லாமோ அமுக்கி இரண்டையும் ஒன்றாகப் பாடவைத்தபோது, கூடத்துப் பாட்டுக்கு அரை நொடி பின்னால் அடுப்படிப் பாட்டு வந்தது. கூடத்தில் பாடகர் ஒரு வரி சொல்ல, அடுப்படியில் இருந்து அவரே அதைத் திருப்பிச் சொன்னார். பாடசாலையில் வாத்தியார் சொல்லிப் பிள்ளைகள் ஒப்பிப்பதுபோல் இருந்தது. நான் ஃபோனோடு வாசலுக்குப் போனால் அடுப்படிப் பாடகர் திக்கினார். யாராவது ஃபோனில் கூப்பிட்டால் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்து, "தலைய வலிக்குதுங்க. ஒண்ண அமத்துங்க" என்றாள். முனகலாவது ஒன்றாவது.

கீழக்கரையில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பனிடம் போனேன். கல்லூரியில் பக்கத்து பெஞ்ச். துபாயில் பதினைந்து வருடம் இதே சாமான்களை விற்றுவிட்டு வந்தவன். எனக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை மட்டும். அவன் ஜும்மா தொழுகைக்குக் கடையை அடைக்கிற நாளும் அதுதான். கால் மணி நேரம்தான் கிடைத்தது. நடந்ததைச் சொன்னேன். சிரித்து முடிக்கவே அதில் பாதி போயிற்று.

"மாப்ள, நீ வாங்குனது ஒத்தையா கேக்குற சாமான். ஃபோன விட்டு நாலடி தள்ளுனா செத்துப்போகும். வீடு பூராக் கேக்கணும்னா வைஃபையில ஓடுறது வாங்கணும். அதுவும் கூடம், படுக்கையறை, அடுப்படி மூணுக்கும் ஒரே கம்பெனி. ஆளுக்கொரு கம்பெனின்னா ஒண்ணு பேசுறது இன்னொண்ணுக்கு விளங்காது, ஒன் மச்சினன்மாரு மாதிரி."

"விலை?"

"பெரிய செட்டு ஒனக்கு வேணாம்டா. ஒன் வீடு என்ன அரண்மனையா? இந்தா, இந்தச் சின்னது போதும். சத்தம் கொறவுதான், ஆனா அடுப்படிக்கு இது காணும். வாங்குறதுக்கு முன்னாடி ஒன் வைஃபை அடுப்படிக்கு எட்டுதான்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. மோடம் வாசல் அறையில் இருந்தது. அடுப்படி பின்னால் தனியாக எடுத்துக் கட்டியது. நடுவே இரண்டு சுவர்.

"எட்டாது. நடுவுல ஒரு குட்டிப் பெட்டி போட்டு நீட்டிக்கணும். அதையும் வாங்கிக்க. அப்புறம் சன்னல் ஓரமா வைக்காத மாப்ள, உப்புக் காத்து ஒரு வருசத்துல உள்ள பூராத் தின்னுரும். நான் தொழுதுட்டு வாரேன். அதுக்குள்ள முடிவு பண்ணி வை."

அவன் தொழுதுவிட்டு வருவதற்குள் நான் மூன்றையும், அந்தக் குட்டிப் பெட்டியையும் எடுத்து மேசையில் அடுக்கி வைத்திருந்தேன். வாழ்க்கையில் நான் எடுத்த மிக வேகமான முடிவு. அன்றைக்கே ஓட வைத்திருந்தால் இந்தக் கதை இத்தோடு முடிந்திருக்கும்.

ஆனால் என் மனைவியின் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எது புதிதாக வந்தாலும் மூத்த மாப்பிள்ளை கைபட்டுத்தான் ஓட வேண்டும். கைராசியாம். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ், மிக்சி, வாஷிங் மெஷின் எல்லாவற்றிலும் முதல் பொத்தானை அமுக்கியவர் சகலை. எங்கள் போர்வெல்லுக்குத் தேங்காய் உடைத்ததும் அவர்தான். உப்புத் தண்ணீர் வந்தது. "தண்ணி வந்துச்சா இல்லையா?" என்று கேட்டுவிட்டு மாமியார் திருநீறு பூசிக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம அத்தான வரச் சொல்லிருக்கேன்" என்றாள் மனைவி.

"ஸ்பீக்கர் போடுறதுக்கா?"

"அவுக கையால ஆரம்பிச்சா ரிப்பேர் ஆகாதுங்க."

அவரைப் பார்த்து வந்த பொறாமையில் வாங்கிய பொருளை அவர் கையாலேயே தொடங்கிவைப்பது. இதைவிடப் பெரிய தண்டனையை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. சரி, அவர் வந்து பார்க்கட்டும், என் வீட்டிலும் மூன்று இருக்கிறது என்று தெரியட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே, மனைவியின் அக்காவான என் மதினியோடு வந்தார். மூன்றையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சின்னதா இருந்தாலும் பாந்தமா இருக்கு சகல" என்றார். பாராட்டுபோல்தான் ஒலித்தது, இன்றுவரை குத்துகிறது. சூடம் காட்டி உடைக்கத் தேங்காய் இல்லை என்று என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். ஃபோனை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய், பத்து நிமிடத்தில் திரும்பினேன். அதற்குள் மூன்று ஸ்பீக்கரும் பாடிக்கொண்டிருந்தன. கூடம், படுக்கையறை, அடுப்படி. ஓர் அட்சரம் பிசகவில்லை.

"வேல முடிஞ்சிருச்சு சகல. என் கணக்குலயே சேத்துட்டேன். உங்க ஃபோன்லயும் அதையே போட்டு விட்டிருக்கேன். நான்தான் ஏற்கெனவே பாட்டுக்குன்னு சந்தா கட்டி வச்சிருக்கேன்ல, நீங்க எதுக்குத் தனியாக் கட்டணும்?"

நான் மறுத்திருக்க வேண்டும். சந்தா இலவசம் என்ற ஒரு வார்த்தை என் ரோஷத்தை முழுசாக விழுங்கியது. "எதுக்குண்ணே உங்களுக்குச் சிரமம்" என்று சொன்னேனே தவிர, சிரமம் கொடுக்காமல் இருக்க ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு எங்கள் படுக்கையறையில் மணி அடித்தது. பிறகு சாமி பாட்டு. கூடத்திலும் அடுப்படியிலும் அதே. பதறி எழுந்து உட்கார்ந்தேன். பாட்டு நின்றது, என் தலைமாட்டிலிருந்து சகலையின் குரல் கணீரென்று கேட்டது:

"பக்தர்கள் கவனத்துக்கு. தீர்த்தமாடிட்டு வாரவுக ஈரத்துணியோட லிஃப்ட்ல ஏறாதீக. காலிபண்றவுக எட்டு மணிக்குள்ள சாவியக் கீழ கொடுத்துருங்க."

என் மனைவி திடுக்கிட்டு எழுந்து, "அத்தான்!" என்று தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். என் படுக்கையறையில், என் பக்கத்தில் உட்கார்ந்து, என் காசில் வாங்கிய ஸ்பீக்கருக்கு மரியாதை.

நடந்தது இதுதான். சகலை தன் வீட்டு ஆறு ஸ்பீக்கரோடு லாட்ஜின் மாடிக்கு ஒன்றாக நான்கையும் ஒரே கணக்கில் சேர்த்து வைத்திருந்தார். 'எல்லா அறைக்கும்' என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால் அந்தக் கணக்கில் உள்ள அத்தனையும் பேசும். அது எந்த ஊரில் இருக்கிறது என்று அந்தப் பொத்தான் விசாரிப்பதில்லை. ஆக, என் வீட்டின் மூன்று அறைகளும் சகலை லாட்ஜின் கிளையாகிவிட்டன. எட்டு மணிக்குள் காலி செய்யச் சொல்கிறார்கள். நான் ஒன்பது மணிக்குத்தான் வேலைக்குக் கிளம்புவேன்.

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். மாலையில் நடந்ததுதான் தாங்க முடியவில்லை.

நூலகத்திலிருந்து வந்து, அவளுக்காகவே தேடி எடுத்த ஒரு வீணைக் கச்சேரியைப் போட்டேன். நிதானமான ஆலாபனை. அடுப்படி வரை வழிந்தது. கூடத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கரண்டிச் சத்தம் கேட்டது, குக்கர் கேட்டது, குழாய் கேட்டது. முனகல் இல்லை. ஏழு மணிக்கு வீணை சட்டென்று அறுந்தது. ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு பாட்டுதான் ஓடுமாம். சகலை வீட்டிலிருந்து யாரோ 'எல்லா அறைக்கும்' பொத்தானை அமுக்கிப் பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டார்கள். பல்லவி முடிவதற்குள் அடுப்படியிலிருந்து வந்தது, நான் இத்தனை பாடுபட்டு எதிர்பார்த்த அந்தக் குரல்.

ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. என் ஸ்பீக்கர், என் அடுப்படி, என் மனைவி. பாட்டு மட்டும் சகலையுடையது.

ஒரு வாரம் கவனித்தேன். தினமும் விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில், ஏழு மணிக்கு, என் சங்கீதத்தின் கழுத்து திருகப்படும். பாட்டு வரும். அவள் முனகுவாள். தொழில் பழக்கத்தில் அந்தப் பாட்டுகளையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்தேன். இருபது பாட்டு. இருபதுக்கும் முனகியிருந்தாள். பக்கத்தில் நான் போட்டவற்றை எழுதினேன். அந்தப் பக்கம் ஒரு முனகலும் இல்லாமல் சுத்தமாக இருந்தது. 'நல்லா ஊதுறான்' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை தெரியாத மனிதருக்கு, என் மனைவிக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று எப்படித் தெரிகிறது? நல்லி எலும்புகூடப் போகட்டும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதல்லவா?

கீழக்கரை நண்பனுக்கு ஃபோன் செய்தேன். "அந்தக் கணக்கிலேர்ந்து என் வீட்டைப் பிரிக்கணும்டா."

"லேசான காரியம் மாப்ள. ஒவ்வொண்ணுக்கும் அடியில ஒரு பொத்தான் இருக்கு. பத்து செகண்ட் அமுக்கிப் பிடி. பழசெல்லாம் மறந்துரும். அப்புறம் ஒன் பேர்ல புதுசாச் சேத்துக்க." பிறகு, "எதுக்குடா? ஓசியிலதான ஓடுது?" என்றான்.

"ஓசியிலதான் ஓடுது. அதான் பிரச்சினை."

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை மூன்றையும் எடுத்துக் கூடத்து மேசையில் வைத்தேன். அமுக்குவதற்கு முன் சகலைக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் 'கைராசியை வேண்டாம் என்று தூக்கிப் போட்டார்' என்று மாமியார் வீட்டில் பேச்சாகிவிடும். கூப்பிட்டேன். மூன்று தடவை அடித்த பிறகு எடுத்தார்.

"அண்ணே, ஒண்ணுமில்ல. நீங்க சாயங்காலம் போடுற பாட்டெல்லாம் இங்கயும் வருது..."

"நான் எங்க சகல பாட்டுப் போட்டேன்? காலையில அஞ்சு மணிக்குச் சாமி பாட்டு, ஒரு அறிவிப்பு. அம்புட்டுதான் என் சோலி. சாயங்காலம் ஃபோன் என் கையில கெடையாது. ஒங்க மதினி எடுத்துக்கிருவா."

"உங்களக் கேட்டுட்டா?"

"கேக்கவா? சட்டப் பையில கைய விட்டு எடுத்துட்டுப் போயிருவா. ரூமு கேட்டு ஆள் கூப்பிட்டாக்கூட, 'அவுக குளிக்கிறாக'ன்னு சொல்லி வச்சிருவா. ஒரு நாள்ல நான் எத்தன தடவதான் குளிக்கிறது? எனக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்னு எவன் கேட்டான் சகல இந்த வீட்ல?"

குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அவருக்காக நான் இரக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என் மனம் அந்தப் பக்கம் போகவில்லை. சட்டைப் பையில் கைவிட்டு எடுத்துப் போகிறார்களாம். என் மனைவி என் சட்டைப் பையில் கைவிடுவது துவைக்கப் போடும்போது மட்டும்தான். என் ஃபோனை அவள் தொட்டதே இல்லை. அடித்தால்கூட, "உங்களுக்குத்தான்" என்று தூரத்திலிருந்து சொல்வாள். சகலையைப் பார்த்து நான் பொறாமைப்படாத ஒரே இடம் பாக்கி இருந்தது. அதையும் அவரே புலம்பிப் புலம்பி எடுத்துக்கொண்டார்.

ஃபோனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் மனைவி எதிரே நின்றாள். மேசையில் மூன்று ஸ்பீக்கரும் குப்புறக் கிடந்தன.

"என்ன செய்யப் போறீக?"

"அத்தான் கணக்கிலேர்ந்து பிரிச்சுரலாம்னு. ஏழு மணிக்கு நம்ம பாட்டு பாதியில நிக்குதுல்ல."

"பிரிச்சா அக்கா போடுறது இங்க வராதா?"

"வராது."

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு ஒரு ஸ்பீக்கரை எடுத்து நேராக வைத்தாள்.

"அவ எனக்காகத்தான் போடுறா. அங்க போடுறது இங்கயும் வருதுன்னு ரெண்டாம் நாளே கண்டுபிடிச்சிட்டோம். அவளுக்கு அங்க ராத்திரிச் சமையல், எனக்கு இங்க. சின்னப் பிள்ளையில ரெண்டு பேரும் ஒரே ரேடியோவுல கேட்ட பாட்டு எல்லாம். முடிஞ்சதும் ஃபோன் பண்ணி, இன்னிக்கு எந்த எடத்துல யாருக்கு வரி மறந்துச்சுன்னு பேசிக்கிருவோம்."

"என்கிட்ட சொல்லலியே?"

"நீங்க கேக்கலியே."

நான் வைத்திருந்த பட்டியலை இப்போது காட்ட முடியாது. இருந்தாலும் கேட்டுவிட்டேன். வயது ஐம்பதைத் தாண்டிய ஒருவன் கேட்கக்கூடாத தொனியில்தான் கேட்டேன்: "நான் போடுற எதுக்கும் நீ பாடுறதே இல்லியே?"

"உங்க பாட்டுக்கா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கல்யாணமான புதுசுல நீங்க கேக்கும்போது ஒருநாள் கூடச் சேந்து பாடிட்டேன். 'ஸ்ஸ்'ன்னீக. லைப்ரரியில சொல்லுவீகளே, அது மாதிரி. சரி, இவுகளுக்குப் பிடிக்கலன்னு விட்டுட்டேன்."

சண்டைபோல் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மழை வருமா வராதா என்பதுபோல் சொன்னாள். எனக்கு அந்த நாள் நினைவில்லை. ஆனால் அந்த 'ஸ்ஸ்' நன்றாகத் தெரியும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஏழு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. பொத்தானை அமுக்கவில்லை. அடுப்படி ஸ்பீக்கரை எடுத்து அலமாரியில் வைத்து, ஜன்னலிலிருந்து தள்ளி, சொருகிவிட்டு வந்தேன். மற்ற இரண்டையும் அவற்றின் இடத்தில் வைத்தேன்.

மணி ஏழு. ராமேஸ்வரத்தில் மதினி சகலையின் சட்டைப் பையில் கைவிட்டிருக்க வேண்டும். மூன்று அறையிலும் பாட்டு எழுந்தது. நான் கூடத்தில் காத்திருந்தேன். அடுப்படியில் அவள் உதடு அசைவது தெரிந்தது; சத்தம் மட்டும் எனக்குச் சரியாக வரவில்லை. கூடத்து ஸ்பீக்கர் என் காதுக்குப் பக்கத்தில் அதே பாட்டை உரக்கப் பாடிக்கொண்டிருந்தது. எழுந்து அதன் வயரைப் பிடுங்கினேன். படுக்கையறையிலிருந்து கொஞ்சம் வந்தது. போய் அதையும் பிடுங்கினேன். பத்து நாள் படித்து, இரண்டு தடவை ஏமாந்து, கீழக்கரை வரை போய் வாங்கிய பல அறை ஏற்பாட்டில் ஓர் அறை மட்டும் பாக்கி.

இப்போது தெளிவாகக் கேட்டது. இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று அடுப்படி வாசலுக்குப் போனேன். அவள் நிறுத்திவிட்டாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நீ பாடு."

"நீங்க இப்படி மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னா எப்படி வரும்? அங்கிட்டுப் போங்க."

போனேன். கூடத்தில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பித்தாள். சரணத்தில் ஓரிடத்தில் வரி மறந்து, 'லா லா' என்று ஓட்டிவிட்டு, தனக்குள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கானதல்ல. அதே நொடியில் கடலுக்கு அந்தப் பக்கம் மதினிக்கும் அதே வரி மறந்திருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் இருவரும் ஃபோனில் அதைப் பேசிப் பேசிச் சிரிப்பார்கள். எனக்கு அந்த வரி தெரியும். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாட்டு நின்றுவிடும் என்பதால் பேசாமல் உட்கார்ந்திருந்தேன், மதினியைப் பார்த்து மனம் எரிந்தபடி.